விளக்கெண்ணெயில் ஓடிய வண்டி

மோட்டார் சைக்கிளின் சத்தம் திடீரென்று நின்றால் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் செத்துப்போய்விட்டார் என்று அர்த்தம். ஒன்பது வயதில் நான் இதை முழுசாக நம்பினேன். சிரிக்காதீர்கள். நம் வயதுக்காரர்களில் பாதிப்பேர், புளியங்கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று ராத்திரி முழுக்கத் தொப்புளைத் தடவிப் பார்த்தவர்கள்தான். என் நம்பிக்கைக்காவது ஒரு காரணம் இருந்தது.

என்னைப் பெற்ற அத்தாவுக்குச் செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை. கைலி, துண்டு, பாவாடைத் துணியோடு, கடைசி அலமாரியில் வெள்ளைக் காடாத் துணி சுருளாக இருக்கும். ஊரில் யாராவது இறந்தால் கபன் போர்த்த அதைத்தான் வாங்க வருவார்கள். அத்தா அளந்து, ஓரத்தில் கத்திரியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுவார். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே இழுப்பு. சர்ர்ர்ரென்று ஒரு சத்தம் கடை முழுக்கப் போய், சட்டென்று நிற்கும். வந்தவர் வாங்கிக்கொண்டு போவார். சத்தம் நின்றால் ஒரு ஆள் கதை முடிந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய எனக்கு இப்படித்தான் பதிந்துபோயிற்று.

சாச்சாவின் வண்டி அந்தச் சத்தத்தைத்தான் போட்டது.

சாச்சா என்றால் அத்தாவின் ஒரே தம்பி. அப்போது இருபத்துநாலு வயது இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. சாச்சாவுக்கு ஏழு வயதாகும்போதே பெற்றவர்கள் இருவரும் போய்விட்டார்கள். அதற்குப்பிறகு எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் அத்தாதான் அத்தா. முந்தின வருஷம் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் சாச்சா விழுந்து, மோவாயில் ஏழு தையலோடு வந்தார். அத்தா அவரை அடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்:

“இன்னொருவாட்டி ரேஸுன்னு வாயத் தொறந்தே, வண்டிய ஏரியில தள்ளிடுவேன். ஒன்னையும் பின்னாலயே தள்ளுவேன்.”

“சரிண்ணே” என்றார் சாச்சா.

எங்கள் வீட்டில் “சரி” என்பது வாக்குறுதி இல்லை. பேச்சை முடிப்பதற்கான ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பனிக்காலம். மாசியில் மறுபடி பந்தயம். அதற்கு எட்டு ஞாயிறு இருந்தது. அந்த எட்டு ஞாயிறும் சாச்சா என்னைக் கடலில் குளிப்பாட்டக் கூட்டிப்போனார். அதாவது, வீட்டில் அப்படிச் சொன்னார். மாமல்லபுரத்தில் என் பெரியம்மா வீடு. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் என்னைப் பின்னால் உட்காரவைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், பெரியம்மா வீட்டில் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, “கடலுக்குப் போறோம்” என்று கிளம்புவோம். கடலுக்குத்தான் போனோம். ஊருக்குத் தெற்கே, கடலை ஒட்டி, இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு நிற்கும் ஒரு நேர்ரோட்டுக்கு. அங்கே ஒரு நாளைக்கு மூன்று பஸ் போகும். மற்ற நேரமெல்லாம் ஆடும் காற்றும்தான்.

தோப்புக் காவல்காரரின் குடிசையில் ஒரு சாக்கு மூட்டை இருக்கும். அதற்குள் சாச்சா செய்த புகைக்குழல். தகரத்தைக் கூம்பு கூம்பாகச் சுருட்டி, பட்டறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வெல்டிங் வைத்தது. நடுவில் வீங்கி, இரண்டு முனையும் ஒடுங்கி, முட்டையை விழுங்கிய பாம்பு மாதிரி இருக்கும். வண்டியின் சைலன்சரைக் கழற்றிவிட்டு அதை மாட்டுவார்.

“இன்னாத்துக்கு சாச்சா இது?”

“புகை வெளிய ஓடுதில்ல? அது இந்தக் கூம்புல போய் முட்டி, ஒரு தட்டு தட்டித் திரும்பி வரும். கூடவே தப்பிச்சு ஓடப் பாக்குற பெட்ரோல உள்ள தள்ளிடும். அந்தத் தட்டு சரியான நேரத்துக்கு வந்துச்சுன்னு வெச்சுக்க, எஞ்சின் கூவும்டா.”

கூவத்தான் செய்தது. மெதுவாக ஓட்டும்போது அந்த எஞ்சினுக்கு நெஞ்சில் சளி. டப், டடப், டப் என்று இருமும், தும்மும். இந்தச் சனியனா பந்தயத்தில் ஓடப்போகிறது என்று தோன்றும். கொஞ்சம் வேகம் கூடினதும் ஒரு இடம் வரும். அந்த இடத்தில் இருமல் போய்விடும், சத்தம் ஒன்றாகச் சேரும், மெல்லிசாகும், ஏறும், ஏறிக்கொண்டே போகும். ஒரு ஃபர்லாங்கு நீளக் காடாத் துணியை ஒரே இழுப்பில் கிழிக்கிற சத்தம். சவுக்கு ஊசிகள் அதிர்ந்து உதிரும். என் பல் கூசும். பெரியம்மா மாமல்லபுரத்து வாசலில் நின்றுகொண்டு, தெற்கே கரண்டு நிலையம் கட்டுகிறவர்களின் மெஷின் என்று அதைத் திட்டுவாள்.

முதல் ஞாயிறு. சாச்சா என்னைக் குடிசையில் விட்டுவிட்டுத் தெற்கே போனார். இருமல், கூவல், தூரம். மரங்களுக்குப் பின்னால் ஆள் தெரியவில்லை. துணி கிழிந்துகொண்டே போயிற்று. உச்சியில், இறங்காமல், தேயாமல், சட்டென்று நின்றது.

எனக்குத் தெரிந்துபோயிற்று. மணலில் மண்டியிட்டு, யாராவது இறந்தால் சொல்ல வேண்டிய “இன்னா லில்லாஹி”யை ஆரம்பித்தேன். முழுசாகத் தெரியாததால் தெரிந்த பாதியையே திரும்பத் திரும்பச் சொன்னேன். காவல்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்.

“இன்னா தம்பி, இன்னாத்துக்கு அழுவுறே?”

“எங்க சாச்சா செத்துட்டாரு.”

“அடப்பாவி, யார்றா சொன்னது? இப்பத்தானே நல்லாப் போனாரு.”

நாலு நிமிஷத்தில் சாச்சா இருமிக்கொண்டு திரும்பி வந்தார். நான் இன்னும் ஓதிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்ததும் வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“உசுரோட இருக்குறவனுக்கே ஓதிட்டியேடா! மீதியையும் ஓதி முடிச்சுடு, நான் வேணா படுத்துக்குறேன்.”

பிறகு காரணம் சொன்னார். முழு வேகத்தில் போகும்போதே சுவிட்சை அணைத்து, கிளட்சைப் பிடித்து, வண்டியை உருண்டு நிற்க விட வேண்டும். உடனே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எஞ்சின் அந்த உச்சியில் என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பது பிளக்கின் மூக்கில் எழுதியிருக்கும். மெதுவாகக் குறைத்து நிறுத்தினால் எழுத்து அழிந்துவிடும். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை, உள்ளே வேகிறது. டீக்கடைப் பொறை ரொட்டியின் பழுப்பு நிறத்தில் இருந்தால் சரி. பெட்ரோல் போகும் பித்தளைத் திருகுகளை ஒரு பழைய பல்பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் குண்டூசி நுழையாத ஓட்டை. ஒன்றுக்கு ஒன்று முடியளவுதான் வித்தியாசம். வாரத்துக்கு ஒன்றை மாட்டிப் பார்ப்பார். முதல் ஞாயிறு கறுப்பு. இரண்டாவது கறுப்பு. மூன்றாவது வெள்ளை. அன்று முகம் இருண்டுபோய் வந்தார்.

இதெல்லாம் புரிந்தபிறகும் என் பயம் போகவில்லை. ஒழுங்காயிற்று, அவ்வளவுதான். சத்தம் நின்றதும் எண்ண ஆரம்பிப்பேன். பிளக்கைக் கழற்றி, பார்த்து, மாட்டி, உதைத்துக் கிளப்ப இருநூறு எண்ணிக்கை. நூற்றெண்பதில் என் உயிர் தொண்டைக்கு வரும். இருநூறில் டப், டடப் என்று இருமல் கேட்டதும் உள்ளே இறங்கும்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அத்தா, சாச்சாவைத் துணிந்த கட்டை என்று நினைத்தார். ஊரே நினைத்தது. உண்மையில் எங்கள் வீட்டில் என்னைவிட அதிகம் பயந்தவர் அவர்தான். ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். ரோட்டில் ஆடு இருக்கிறதா என்று கடைசி மரம்வரை என்னை அனுப்புவார். இடதுகையின் இரண்டு விரல்களைக் கிளட்ச்மேல் வைக்காமல் ஒரு கெஜம்கூட ஓட்டமாட்டார். நான் பயத்தை அழுது தீர்த்தேன். அவர் ஸ்பானரால் தீர்த்தார்.

“எதுக்கு சாச்சா எப்பவும் ரெண்டு வெரலு?”

“உள்ள பிஸ்டன் சூட்டுல வீங்கி அப்படியே புடிச்சுக்கும்டா. பின்சக்கரம் நின்னுடும். கிளட்ச புடிச்சா பொழச்சேன், இல்லேன்னா பறந்தேன். அதுக்குத்தான் வெரலு. அதுக்குத்தான் வெளக்கெண்ணெயும்.”

விளக்கெண்ணெய்தான் இந்தக் கதையின் வில்லன். பந்தய வண்டிக்குப் பெட்ரோலோடு அதைத்தான் கலப்பார்கள். எவ்வளவு சூட்டிலும் பிஸ்டனை விட்டு வழுவாதாம். அது எரியும் வாசனை உங்களில் யாருக்காவது தெரியுமா? கருகிய வெல்லமும் ஆஸ்பத்திரியும் கலந்த மாதிரி. கடல்காற்றில் கரைந்து வந்தால் மற்றவர்களுக்குப் போதை. எனக்கு அடிவயிறு கலங்கும். ஏனென்றால் எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பேதிக்குக் கொடுக்கும் நாள். அம்மா மூக்கைப் பிடிப்பாள், அத்தா காலைப் பிடிப்பார், எண்ணெய் உள்ளே போகும்.

இரண்டுக்கும் ஒரே புட்டி. சமையலறை மூலையில் துணி அடைத்த பச்சைப் புட்டி. விடியற்காலையில் சாச்சா அதிலிருந்து திருட்டுத்தனமாக மருந்துச் சீசாவில் ஊற்றிக்கொள்வார்.

“இந்த வூட்டுல எண்ணெய யாரு குடிக்கிறா? பேய்க்கு வயித்தால போவுதா?” என்று அம்மா மாதாமாதம் கேட்பாள். நானும் சாச்சாவும் கூரையைப் பார்ப்போம்.

எட்டாவது ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பேதி நாளாக வந்து விழுந்தது. குடித்தால் மறுநாள் வண்டியில் உட்கார முடியாது. நான் வெள்ளிக்கிழமை மத்தியானம், அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, புட்டியிலிருந்ததைச் சாக்கடையில் கொட்டினேன். வாசனைக்கு அடியில் இரண்டு விரல் விட்டுவைத்து, மீதிக்கு நல்லெண்ணெய் ஊற்றி அடைத்தேன். சனிக்கிழமை முகம் சுளிக்காமல் குடித்தேன். “புள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சு” என்று அம்மா கண் கலங்கினாள்.

ஞாயிறு விடியல். பாயில் படுத்தபடி ஒற்றைக்கண்ணால் பார்த்தேன். சாச்சா பச்சைப் புட்டியைச் சாய்த்து மருந்துச் சீசாவை நிரப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த ஞாயிறு பந்தயம். இன்று கடைசி ஓட்டம். அதுவும் நல்லெண்ணெயில்.

சொல்லியிருக்கலாம் என்பீர்கள். வாயைத் திறந்தேனே! ஏரி வளைவில் ஒருமுறை திறந்தேன், காற்று உள்ளே போயிற்று. திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்தபோது ஒருமுறை, கால்வாய்ப் பாலத்தில் ஒருமுறை. சொன்னால் சாச்சா அம்மாவிடம் சொல்வார். அம்மா காலையும் மூக்கையும் சேர்த்துப் பிடிப்பாள். சொல்லாவிட்டால் சாச்சா பறப்பார். இந்த இரண்டையும் தராசில் வைத்து முப்பது கிலோமீட்டர் யோசித்த கோழை நான்.

குடிசைக்கு வந்ததும் வழக்கம்போல ஆடு ஓட்ட அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது டாங்க் மூடி மூடியிருந்தது. புகைக்குழல் மாட்டியிருந்தது.

“சாச்சா…”

“இன்னாடா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுக்கு வருதா?”

“ஆமா” என்றேன்.

“போய்ட்டு வா. இன்னிக்கு மட்டும் பொறை நெறம் வந்துடுச்சுன்னா ஒனக்கு மல்லை பஜார்ல சர்பத்து.”

நான் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டார். இருமல். தும்மல். அந்த இடம். கூவல். அவ்வளவு சுத்தமாக அது கூவி நான் கேட்டதில்லை. பிசிறே இல்லை. ஏறியது, இன்னும் ஏறியது. நல்லெண்ணெய் எரிந்துபோகிறது, பிஸ்டன் வீங்குகிறது, இதோ, இதோ என்று காதைப் பொத்தினேன். பொத்தின கைக்குள்ளும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கையை எடுத்தேன். காற்று மட்டும்தான். எண்ணினேன். நூறு. நூற்றெண்பது. இருநூறு. இருமல் இல்லை. முந்நூறு. காவல்காரர் தெற்கே பார்த்தார்.

“இன்னிக்கு லேட்டாவுதே” என்றார்.

ஐந்நூறில் ஓடினேன். வீரனாக இருந்தால் தெற்கே, சாச்சா இருக்கும் பக்கம் ஓடியிருப்பான். நான் வடக்கே ஓடினேன். போய்ப் பார்க்கிற தைரியம் இல்லை. பெரியம்மா வீடு ஒரு மைல். “தம்பி, ந்தா, நில்லு!” என்று காவல்காரர் கத்தியது பின்னால் தேய்ந்தது.

பெரியம்மா வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. உள்ளே அத்தா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாச்சாவுக்குப் பெண் கேட்டு மாமல்லபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போவதாக இருந்ததாம். எங்களுக்குச் சொல்லவில்லை. பெண் வீட்டுக்காரர்களைப் பார்த்து அசத்த வேண்டுமென்று காரில் வந்திருந்தார்.

“சாச்சா மௌத்தாயிட்டாரு!” என்றேன்.

 பெரியம்மா, “யா அல்லாஹ், எங்கடா? எப்படிடா?” என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். அத்தா டீக் கிளாசைக் கையில் பிடித்தபடியே காரில் ஏறினார். என்னை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கார் கிளம்பியதும் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டு ஞாயிறு, புகைக்குழல், சோழவரம், சாக்கடையில் ஊற்றிய விளக்கெண்ணெய், எல்லாம். அத்தா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் குலுங்கக் குலுங்க டீ முழுக்க அவருடைய வெள்ளைச் சட்டையில் சிந்தியது. கிளாஸ் காலியானது தெரியாமல் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு ஏழு வயசு” என்றார் ஒரு தடவை. என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை.

குடிசையைத் தாண்டி ஒரு மைல். முதலில் வண்டி தெரிந்தது. ஸ்டாண்ட் போட்டு ஒழுங்காக நின்றிருந்தது. விழுந்த வண்டி தானே எழுந்து ஸ்டாண்ட் போட்டுக்கொள்ளாது என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? காரில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம், டிரைவரோடு. தோன்றவில்லை. ஏனென்றால் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. செருப்புக்கு அப்பால், சவுக்கு நிழலும் வெயிலும் கோடு கோடாக விழுந்த மணலில், தலை எங்கள் பக்கம் இருக்க, முகம் மண்ணில் புதைந்து, தலையில் வெள்ளைத் துணி கட்டி, அசையாமல் சாச்சா.

கார் நிற்பதற்குள் அத்தா கதவைத் திறந்து குதித்தார். “தம்பீ!” என்று ஒரு கத்தல். அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் நான் கேட்டதில்லை. நான் மறுபடி அந்தப் பாதியை ஓத ஆரம்பித்தேன்.

சாச்சா எழுந்து உட்கார்ந்தார். எங்களைப் பார்க்காமல் தலையை வலப்பக்கம் திருப்பி ஸலாம் சொன்னார். இடப்பக்கம் திருப்பி ஸலாம் சொன்னார். தொழுகையை முடித்தார். ஐந்து வேளையும் தொழுகிற குடும்பம் நாங்கள். நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் இருந்த மனுஷனைப் பிணம் என்று நினைத்து அழுதோம்.

அத்தா ஓடிப்போய்க் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அதே கையால் அவரை இழுத்துத் தன் ஈரச் சட்டையில் அமுக்கிக்கொண்டார். விடவேயில்லை. சாச்சாவின் முகத்தில் மணல் ஒட்டியிருந்தது.

“ஒனக்கு நான் குழி வெட்டணுமாடா? சொல்லு. நானா வெட்டணும்?”

சாச்சாவின் மூடின கைக்குள் பிளக் இருந்தது. விரித்துக் காட்டினார்.

“அண்ணே, பொறை நெறம். பாருங்கண்ணே.”

அத்தா பார்த்தார். அவருக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது. சட்டை நுனியால் தம்பியின் மோவாய்த் தழும்பில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். சாச்சா, டீ சிந்திய அந்தச் சட்டையைப் பார்த்தார். பிறகு கையை மூடிக்கொண்டார்.

“சரிண்ணே” என்றார்.

அன்றைக்கு அந்த “சரி” வேறு மாதிரி இருந்தது. வண்டிப் பக்கம் போய், சூடு ஆறாத புகைக்குழலைத் துண்டைச் சுற்றிப் பிடித்துத் தானே கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் குடிசையில் அதைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டார். “இத்த வெச்சி நான் இன்னா பண்ண?” என்று அவர் கேட்டபோது சாச்சா பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டிருந்தார். பல்பொடி டப்பா எங்கே போயிற்றென்று தெரியாது. அத்தா மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். பெண் கேட்கப் போனது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று.

எண்ணெய் விஷயம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சாச்சாவே சொன்னார். குடிசையில் சீசாவைச் சாய்த்தபோதே அது நூல்போல இறங்காமல் தண்ணிபோல இறங்கியதாம். முகர்ந்து பார்த்துவிட்டு, கடைக்காரன் அம்மாவை ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே மணலில் ஊற்றினாராம். முந்தின வாரம் மிச்சம் இருந்த அசல் விளக்கெண்ணெயைக் கலந்துகொண்டாராம்.

ஆகவே நடந்தது இவ்வளவுதான். பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை. சாச்சா விழவில்லை. சுவிட்சை அணைத்தார், பிளக்கைப் பார்த்தார், கடல்தண்ணீரில் கைகால் கழுவி நன்றிக்காக இரண்டு ரக்அத் தொழுதார். அடுத்த ஞாயிறு சோழவரத்தில் பந்தயம் நடந்தது. சாச்சா போகவில்லை.